ஊசி நேரமும் ஐம்பது பாட்டும்

இங்கிலாந்தில் பாட்டு ரசிகர்களின் சரித்திரத்தை ஒரு தொழிற்சங்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் விஷயம் அப்படித்தான் இருக்கிறது. ரேடியோவில் நாள் முழுக்க இசைத்தட்டைச் சுழல விட்டுவிட்டால் வாத்தியக்காரர்களுக்குப் பிழைப்பு ஏது என்று அங்குள்ள அவர்களுடைய சங்கம் வெகுகாலம் போராடிற்று. தட்டுக் கம்பெனிகளுக்கும் வேறு விதத்தில் அதே கவலை. ரேடியோவில் ஓசியில் கேட்டுவிட்டவன் கடைக்கு வந்து காசு கொடுப்பானா? ஆகவே பி.பி.ஸி. ஒரு நாளைக்கு இவ்வளவு மணிதான் தட்டுப் போடலாம் என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. கிராமபோன் ஊசியை வைத்து அதற்கு 'ஊசி நேரம்' என்று பெயர். 1988 வரை அது நீடித்தது. மீதி நேரத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லித்தான் நிரப்ப வேண்டும்.

ரசனைக்கும் இந்தப் பேரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அதன் தயவில்தான் பெயர் தெரியாத பையன்கள் பலர் ரேடியோ ஏறினார்கள்.

அவர்களைக் கூப்பிட்டவர் ஜான் பீல். லிவர்பூலுக்குப் பக்கத்தில் 1939இல் பிறந்தவர். ஒரு பருத்தி வியாபாரியின் பிள்ளை. சொந்தக் குடும்பப் பெயர் ராவன்ஸ்கிராஃப்ட். 1960இல் அமெரிக்கா போய், பருத்தித் தொழிலில் இருக்க வேண்டியவர் ரேடியோவில் புகுந்துவிட்டார். 1967இல் ஊர் திரும்பி, கப்பலில் இருந்துகொண்டு சட்டத்துக்குப் புறம்பாக ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில் கொஞ்ச காலம் பேசினார். அந்த ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்து அந்தக் கடை கட்டிற்று. செப்டம்பர் கடைசியில் பி.பி.ஸி. ரேடியோ 1 என்ற புது நிலையத்தை ஆரம்பித்து, கப்பல்காரர்கள் பலரையே உத்தியோகத்துக்கு எடுத்துக்கொண்டது. பீலும் சேர்ந்தார். 2004இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

லண்டனில் மைடா வேல் என்ற பகுதியில் பி.பி.ஸி.க்கு ஒரு கட்டடம் இருந்தது. 1909இல் சக்கரச் சறுக்கு விளையாட்டுக்காகக் கட்டிய கொட்டகை அது. பையன்கள் காலையில் வாத்தியங்களோடு வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் நாலு பாட்டு. அன்றைக்கே பதிவு செய்து, அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிட வேண்டும். இப்படி நாலாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. 'தி ஃபால்' என்ற மான்செஸ்டர் குழு மட்டும் 24 தடவை வந்து போயிருக்கிறது. 'தி ஸ்மித்ஸ்' குழு இங்கே பாடியவற்றில் சிலவற்றை அப்படியே 1984இல் தங்கள் தட்டில் சேர்த்துக்கொண்டது. அவசரத்தில் பண்ணியதற்கு ஒரு உயிர் உண்டு என்பது நாவல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அதை நாங்கள் பதிப்பாளரிடம் ஒப்புக்கொள்வதில்லை.

'இண்டி' என்ற சொல்லுக்கு இன்றைக்கு என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். ஆதியில் அது வியாபாரச் சொல். பெரிய கம்பெனிகளின் கையில் சிக்காமல் தட்டை அச்சடித்து, அவர்கள் வண்டியில் ஏற்றாமல் கடைக்கு அனுப்பினால் அது சுயேச்சைத் தட்டு. 1977 ஜனவரியில் மான்செஸ்டரிலிருந்து 'பஸ்காக்ஸ்' குழு, கடன் வாங்கிய சுமார் 500 பவுனில் நாலு பாட்டுள்ள தட்டு ஒன்றைத் தாங்களே போட்டார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம். விற்றதோ அதைப்போலப் பல மடங்கு. 1980இல் இத்தகைய தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது. கம்பெனி எது என்பதுதான் அதற்குக் கணக்கு. பாட்டின் லட்சணத்தை யாரும் பார்க்கவில்லை. அதனால் பின்னால் கைலி மினோக் போன்ற ஜனரஞ்சகப் பாடகியும் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தார். வாங்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும்?

1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்திலிருந்து 'அண்டர்டோன்ஸ்' என்ற குழுவின் தட்டு வந்தது. வெளியிட்டது பெல்பாஸ்டில் ஒரு தட்டுக்கடை. குண்டும் துப்பாக்கியுமாக இருந்த ஊரிலிருந்து வந்த அந்த 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டில் அரசியல் ஒரு வார்த்தை கிடையாது. பீல் அதைப் போட்டு, முடிந்ததும் உடனே மறுபடி போட்டார். ரேடியோ ஒழுங்குக்கு இது அடுக்காது. சஃபக் மாவட்டத்துக் கிராமத்தில் அவருடைய கல்லறையில் இன்றைக்கு அந்தப் பாட்டின் ஓர் அடி வெட்டியிருக்கிறது.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸை ஒட்டி, நேயர்கள் மூன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து எழுதி அனுப்ப வேண்டும். ஓட்டை எண்ணி, ஐம்பதாவதிலிருந்து ஒன்றாவது வரை பல இரவுகளாகப் போடுவார்கள். 'பண்டிகை ஐம்பது' என்று சொல்லலாம். 1976இல் ஆரம்பம். எந்தக் காலத்துப் பாட்டாக இருந்தாலும் சரி என்பது விதி. முதலிடம் லெட் ஸெப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. அடுத்த வருஷம் ஓட்டு இல்லை. பீல் தாமே பட்டியல் போட்டார். ஐம்பதில் நிறுத்த மனம் வராமல் 61 வரை போய்விட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

நான் இந்தப் பட்டியல்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு ஜனக் கூட்டத்தின் நாட்குறிப்பைப் படிப்பதுபோல் இருந்தது. 1978இல் பழைய சாமிகள் இறங்கி, ஸெக்ஸ் பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் தி யு.கே.' முதலிடத்தில். அரசனும் வேண்டாம் ஆண்டையும் வேண்டாம் என்று கூச்சல் போட்ட கோஷ்டி. சரி, புரட்சி ஜெயித்தது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினால் 1979லும் அதே பாட்டு. 1980லும் அதே. சிம்மாசனத்தைக் கவிழ்த்தவர்களே அதில் ஏறி உட்கார்ந்து, இறங்கமாட்டேன் என்கிறார்கள். அந்த மூன்று வருஷத்திலும் பீலின் உயிரான 'டீனேஜ் கிக்ஸ்' முதலிடத்துக்கு வரவில்லை. அவருடைய நேயர்கள், அவருடைய நிகழ்ச்சி, தீர்ப்பு அவர்களுடையது.

பிரியம் வைத்ததை விடமுடியாதுதான். ஆனால் இரவு பத்து மணிக்குமேல் கண்விழித்து, நேற்றுவரை இல்லாத ஒன்றைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்த கூட்டம் இது! 1982இல் விதியை மாற்றினார்கள். அந்த வருஷத்துப் பாட்டுகளுக்கென்று தனிப் பட்டியல் வந்தது. முதலிடம் நியூ ஆர்டரின் 'டெம்ப்டேஷன்'. பிறகு வருஷா வருஷம் அதுவே வழக்கமாயிற்று. நினைவை ஓட்டுப்போட விடாமல் காதை மட்டும் ஓட்டுப்போடச் சொன்ன இந்தத் திருத்தம் நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

அப்படியும் அவர் குறை தீரவில்லை. ஜமைக்கா, ஜிம்பாப்வே என்று எங்கெங்கிருந்தோ தட்டுகளைத் தேடிப் போடுவார். ஓட்டு மட்டும் கிட்டார் பிடித்த வெள்ளைக்காரப் பையன்களுக்கே விழும். அதை அவர் வாய்விட்டே சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். 1991இல் வந்த ஓட்டே கொஞ்சம் என்பதால் பட்டியலை ஒலிபரப்பவே இல்லை. 1993இல் வாரம் ஒன்றாக, பழைய கடனைத் தவணையில் அடைப்பதுபோல, போட்டுத் தீர்த்தார். உச்சியில் நிர்வாணா.

2004 அக்டோபர் 25ஆம் தேதி பெரு நாட்டில் குஸ்கோ நகரத்தில், விடுமுறைக்குப் போன இடத்தில், மாரடைப்பால் காலமானார். வயது 65. வீட்டில் இருபத்தாறாயிரம் எல்.பி. தட்டுகளும், அதற்கு மேலான சின்னத் தட்டுகளும் இருந்தன. மறு வருஷம் கிளாஸ்டன்பரி இசைவிழாவில், புதுக் குழுக்கள் பாடும் கூடாரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் போன டிசம்பரிலும் நேயர்கள் ஓட்டுப் போட்டார்கள். துக்கத்தில் பழைய பாட்டுகளைத் தேடி ஓட அந்த விதி இடம் கொடுக்கவில்லை. முதலிடம் பேர்சூட் என்ற நார்விச் ஊர்க் குழுவுக்குப் போயிற்று. பாட்டு 'சார்ஜர்'. பீலின் நேயர்களுக்கு வெளியே அந்தக் குழுவை அறிந்தவர்கள் சொற்பம். ரேடியோ 1 இன்னும் கொஞ்ச காலம் பட்டியலை நடத்திவிட்டுக் கைவிட்டது. பிறகு ரசிகர்களே இணையத்தில் ஒரு வானொலி வைத்துக்கொண்டு, அவர் ஒரு காலத்தில் நடத்திய தட்டுக் கம்பெனியின் பெயரான 'டான்டிலயன்' என்பதையே அதற்கும் இட்டு, டிசம்பரில் ஓட்டெண்ண ஆரம்பித்தார்கள்.