பெர்லின் திரைப்பட விழாவும் ஜெர்மன் திரைப்பட வரலாற்று மீட்பும்

முன்னுரை

திரைப்பட விழா புதிய படங்களை அறிமுகப்படுத்தும் நிகழ்வு மட்டுமன்று. பழைய படங்களுள் எவை நினைவுகூரத்தக்கவை என வரையறுக்கும் நிறுவனமும் ஆகும். 'பெர்லினாலே' எனப்படும் பெர்லின் திரைப்பட விழா பன்னாட்டு விழாவாயினும், ஜெர்மன் மொழித் திரைப்படத்தின் பழமையையும் புதுமையையும் ஒருங்கே முன்வைக்கும் களமாகவும் விளங்குகிறது. அவ்விழா மீட்டெடுத்த வரலாற்றையும், தன்னைக் குறித்து நெடுங்காலம் ஆராயாதிருந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

விழாவின் தோற்றம்

1951 ஜூன் 6 அன்று மேற்கு பெர்லினின் டைட்டானியா பலாஸ்ட் அரங்கில், ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' படத்துடன் முதல் விழா தொடங்கியது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் திரைப்பட அலுவலர் ஆஸ்கர் மார்ட்டே இதற்கு முன்முயற்சி எடுத்தார். பனிப்போர்க் காலத்தில் பிளவுண்ட நகரில் தோன்றியமையால், தொடக்கம் முதலே இது அரசியல் பொருள் கொண்ட விழாவாக இருந்தது. ஆல்ஃபிரெட் பவுவர் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று 1976 வரை பணியாற்றினார்.

புதிய தலைமுறையின் வருகை

1962 பிப்ரவரி 28 அன்று ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் 26 படைப்பாளிகள் அறிக்கை வெளியிட்டு, பழைய ஜெர்மன் திரைப்பட மரபை மறுத்தனர். தலைமுறைகளுக்கிடையே நிலவிய இம்முரண் பெர்லின் விழாவிலும் பின்னர் வெளிப்பட்டது. 1970இல் மிக்கேல் வெர்ஹோவனின் 'ஓ.கே.' என்னும் வியட்நாம் போர் பற்றிய படத்தை முன்னிட்டு எழுந்த சர்ச்சையில் நடுவர் குழு பதவி விலகியது; அவ்வாண்டுப் போட்டிப் பரிசுகள் வழங்கப்படவில்லை. 2002இல் இளம் ஜெர்மன் இயக்குநர்களுக்கெனத் தனிப்பிரிவு உருவாயிற்று. 2004இல் துருக்கியப் புலம்பெயர் பெற்றோரின் மகனான ஃபாத்திஹ் அக்கின், 'கேகன் டி வாண்ட்' படத்திற்காகத் தங்கக்கரடி விருது பெற்றார்.

பழைய படங்களின் மீட்பு

1963இல் பெர்லினில் நிறுவப்பட்ட ஜெர்மன் திரைப்பட ஆவணக்காப்பகம், 1977 முதல் இவ்விழாவின் பின்னோக்குப் பிரிவை நடத்திவருகிறது. மீட்புப் பணிக்கு ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' சிறந்த சான்றாகும். 1927 ஜனவரியில் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட பின் சுருக்கப்பட்ட அப்படத்தின் ஏறத்தாழக் கால்பங்கு தொலைந்துபோயிற்று. 2008இல் பியூனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடைத்த 16 மி.மீ. படியைக் கொண்டு அதன் பெரும்பகுதி மீட்கப்பட்டு, 2010 பிப்ரவரி 12 அன்று விழாவில் திரையிடப்பட்டது. அப்படியிலிருந்து சேர்க்கப்பட்ட காட்சிகளில் கீறல்கள் தெரிந்தன. கிடைக்காத காட்சிகளை விளக்க அட்டைகள் சுட்டின. எது மீண்டது, எது இன்னும் இல்லை என்பதைப் பார்வையாளர் பிரித்தறிய இயன்றது.

விழாவின் சொந்த வரலாறு

இத்தகைய வெளிப்படைத்தன்மை விழாவின் நிறுவன வரலாற்றில் நெடுங்காலம் காணப்படவில்லை. பவுவர் 1986இல் மறைந்தபின், 1987 முதல் அவர் பெயரில் விருது வழங்கப்பட்டுவந்தது. 2020 ஜனவரியில் 'டி ட்சைட்' வார இதழ், கோயபல்ஸ் 1942இல் உருவாக்கிய திரைப்பட நிர்வாக அமைப்பில் பவுவர் வகித்த பங்கை வெளியிட்டது. விழா உடனடியாக விருதை நிறுத்திவைத்து, தற்கால வரலாற்று ஆய்வு நிறுவனத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. நாஜித் திரைப்பட நிர்வாகத்தில் அவர் முக்கியப் பங்காற்றியதையும், 1945க்குப் பின் அதை மறைக்க முயன்றதையும் அவ்வாய்வு உறுதிசெய்தது.

முடிவுரை

பவுவர் பற்றிய உண்மை விழா திரையிட்ட படங்களின் மதிப்பைக் குறைப்பதில்லை. எனினும், ஒரு திரைச்சுருளுக்குக் காட்டப்பட்ட ஆவண நேர்மை விழாவை வழிநடத்தியவருக்குப் பொருத்தப்பட 33 ஆண்டுகள் ஆயின என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது. அதுவும் விழாவுக்கு வெளியிலிருந்தே தொடங்கியது. ஆகவே திரைப்பட விழாக்களின் வரலாற்றை எழுதுவோர், திரையிடப்பட்ட படங்களின் பட்டியலோடு நில்லாமல், அப்பட்டியலை உருவாக்கியவர்களின் ஆவணங்களையும் ஆய்வுக்கு உட்படுத்துதல் இன்றியமையாததாகும்.