வாசலில் ஒரு சிவப்புத் துணி

தட்டம்மைத் தடுப்பூசி போட இரண்டு குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். இரண்டுக்கும் வயது ஒன்று. ஊசி போட்ட அன்றைக்கே இரண்டும் இறந்துபோயின. 2018 ஜூலை 6-ம் தேதி, பசிபிக் கடலில் இருக்கும் சமோவா என்கிற குட்டி நாட்டில் நடந்தது இது.

நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் அடுத்த வாரம் உங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்களா? சத்தியமாக நான் போயிருக்க மாட்டேன். அரசாங்கமே பயந்துபோய் அந்த ஊசியை நிறுத்திவைத்தது.

அப்படி என்னதான் இருந்தது அதில்?

தட்டம்மை மருந்து (நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்களே, அதேதான்) புட்டியில் உலர்ந்த பவுடராக வரும். வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். கூடவே வரும் சுத்தமான நீரை விட்டுக் கரைத்து, ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். 1963-லிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டாகிவிட்டது. சிலருக்கு ஜுரம் வரும், லேசாகத் தடிக்கும். கடுமையான அலர்ஜி ரொம்ப அபூர்வம். கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பு சக்தி அடியோடு குறைந்தவர்களுக்கும் போடமாட்டார்கள்.

சமோவாவில் அன்றைக்கு நர்ஸ் கரைக்க எடுத்தது தண்ணீர் இல்லை. ஆபரேஷன் சமயத்தில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கிற மருந்து. அதுவும் காலாவதியானது. செயற்கை சுவாசத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு பெரியவர்களுக்கே ஜாக்கிரதையாகக் கொடுக்கிற சமாசாரம் அது. பிஞ்சுகள் என்ன செய்யும்?

இரண்டு நர்சுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் ஆளுக்கு ஐந்து வருட சிறை. ஆனால் கேஸ் முடிவதற்குள், ‘ஊசியே ஆள்கொல்லி’ என்ற பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. 2018-ல் முதல் டோஸ் போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 31 பேர்தான்!

அந்த நேரம் பார்த்து நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தட்டம்மை. சமோவாக்காரர்களுக்கு அங்கே எக்கச்சக்க உறவு, போக்குவரத்து ஓயாது. (அதே ஆக்லாந்திலிருந்து 1918-ல் வந்த ஒரு கப்பல் இன்ஃப்ளூயன்சாவை இறக்கிவிட்டுப் போய், ஜனங்களில் ஐந்தில் ஒருவர் செத்தது தனிக்கதை.)

2019 அக்டோபரில் நோய் பரவுவதாக அறிவிப்பு. நவம்பரில் நெருக்கடி நிலை. பள்ளிகளுக்குப் பூட்டு. சுமார் இரண்டு லட்சம் பேர் வசிக்கும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பக்கத்தில் டோங்காவுக்கும் ஃபிஜிக்கும்கூடத்தான் தட்டம்மை போனது. அங்கே ஊசியை விடாமல் போட்டு வந்திருந்தார்கள். சாவு? ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 5, 6 இரண்டு நாளும் சமோவாவையே மூடினார்கள். கடை, ஆபீஸ் எதுவும் கிடையாது. பகல் முழுக்க சாலையில் வண்டி ஓடக்கூடாது. வீட்டில் ஊசி போடாதவர் யாராவது இருந்தால் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி உத்தரவு. நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், ‘உள்ளே வராதே’ என்று அர்த்தம். அங்கே அந்தத் துணிக்கு, ‘உள்ளே வாங்க’ என்று அர்த்தம்.

சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். குழந்தைகளுக்கு மட்டுமில்லை, 60 வயது வரை பெரியவர்களுக்கும் ஊசி. டிசம்பர் 28-ல் நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டபோது, போட்டுக்கொள்ள வேண்டியவர்களில் கிட்டத்தட்ட 95 சதவிகிதம் பேர் போட்டு முடித்திருந்தார்கள்.