சுப்பாராவும் எங்கள் வீட்டுக் கடனும்



இன்று ஜனவரி 12. காலையிலிருந்து பலரும் விவேகானந்தர் படம் அனுப்பியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. இதே ஜனவரி 12ஆம் தேதி, 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் இன்னொருவர் பிறந்தார். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியும் அவரைப் பற்றி ஒரு நாளும் உங்களுக்கு நான் சொல்லவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் அழுதான். மனைவிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, கையில் மூன்று மாதக் குழந்தை. "நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?" என்றான். எங்கள் வீட்டில் நடந்தது அவன் அப்பா மூலம் அவனுக்குத் தெரியும். உங்களில் 1985இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கும் நினைவிருக்கலாம். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்தாரே, அந்த வருடம்தான்.

முதலில் வரலாறு.

சுப்பாராவ் மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறியவர். தேர்வில் தவறிவிட்டு முகம் காட்டாமல் திரிந்த பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் பாடம் சொன்னார். 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய், ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

அவர் கப்பலேறியபோது மனைவி சேஷகிரி கர்ப்பிணி. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன் நோயில் இறந்துபோனது. அப்பா அந்தக் குழந்தையைப் பார்க்கவேயில்லை. சுப்பாராவும் அதன்பின் ஊர் திரும்பவில்லை. 1948 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். அவர் சாதனைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். என்னால் முடியவில்லை. காரணம் பின்னால் வரும்.

ஹார்வர்டில் நிலையான வேலை கிடைக்காமல் 1940இல் நியூயார்க் அருகே லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். நம் கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அது அவர் தலைமையில் இயங்கிய அந்த ஆய்வகத்தில் வந்ததுதான். நான் சொல்ல வந்தது இன்னொரு மருந்து. அதற்குப் போலிக் அமிலத்தின் கதை தெரிய வேண்டும்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் கிருமியல்ல, உணவுக் குறைவு என்று கண்டார். நம் குன்னூரிலும் சில காலம் ஆராய்ச்சி செய்தார். ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 'போலியம்' என்றால் லத்தீனில் இலை. கீரையில் நிறைய உண்டு. கர்ப்பிணிகளுக்கு இன்றும் கொடுக்கும் மாத்திரை அதுவே.

உடம்பில் புதிய செல் உண்டாக இந்தச் சத்து வேண்டும். 1940களின் நடுவில் சுப்பாராவின் குழு இதை ஆய்வகத்தில் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்படியானால் இதற்கு நேர் எதிரான பொருளைக் கொடுத்தால் என்ன? போலிக் அமிலம் போலவே தோற்றம், ஆனால் செல்லுக்குள் போய் வேலையைத் தடுத்துவிடும். பூட்டுக்குள் நுழையும், திறக்காது, அப்படி ஒரு கள்ளச் சாவி. அதையும் சுப்பாராவின் குழுவே செய்து கொடுத்தது. ஆமினோப்டெரின் என்று பெயர். 1948 ஜூனில் பார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. இரண்டு மாதத்தில் சுப்பாராவ் இறந்துவிட்டார். ஆமினோப்டெரினின் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்சேட்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

1985இல் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். நாற்பது நாள் கழிந்தும் என் மனைவி சரசுவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உள்ளூரில் காட்டினோம், "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று டானிக் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு இருமல் வந்தது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். கர்ப்பம் என்று வந்தது. கூட வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ரெண்டு மாசம்கூட ஆகலியே" என்றார் ஒருவர். சரசு தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை.

அது கர்ப்பமல்ல. நஞ்சுக்கொடியை உண்டாக்கும் செல்களில் வரும் புற்றுநோய். கோரியோகார்சினோமா என்பார்கள். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகோ கருச்சிதைவுக்குப் பிறகோ வரும். அபூர்வமாக நல்ல பிரசவத்துக்குப் பிறகும் வரும். கர்ப்ப காலத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற பொருளை இந்தச் செல்களும் சுரப்பதால்தான் பரிசோதனை அப்படிக் காட்டியது. இது வெகு சீக்கிரம் நுரையீரலுக்குப் பரவும்.

சென்னைக்குப் போனோம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. அதை நிறுவியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார்கள். அவரும் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவிதான், 1912இல் பட்டம் பெற்றவர். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே கல்லூரிக்கு வந்தவர் சுப்பாராவ். அவருடைய மருந்தை இவருடைய மருத்துவமனையில் சரசுவுக்கு ஏற்றினார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மறுநாள் அதன் கடுமையைத் தணிக்கும் போலினிக் அமிலம். இப்படி எட்டு நாள். ஒரு வாரம் போல ஓய்வு. மறுபடி எட்டு நாள். தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மருந்து பாலில் இறங்கும். பால் கட்டி நெஞ்சு வலிக்க, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் புடவை நனைந்துவிடும்.

பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம். என் அம்மா கூட இருந்தார். காய்ச்சிய பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்ட அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். இரவில் தூளி ஆட்டுவது என் வேலை. பகலில் ஆஸ்பத்திரி. சரசுவுக்கு வாயெல்லாம் புண். மோர்ச்சோற்றை மசித்துக் கொடுத்தாலும் எரியும். ஆண் ஆசிரியர் பிள்ளை வளர்க்க விடுப்புக் கேட்டால் எந்த விதியில் கொடுப்பார்கள்? ஈட்டிய விடுப்பு தீர்ந்தது, சொந்த அலுவல் பேரில் ஈட்டா விடுப்பு தீர்ந்தது, கடைசியில் சம்பளமில்லா விடுப்பு. ஆசிரியர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கினேன்.

ஐந்தாவது சுற்று முடிந்ததும் எச்.சி.ஜி. இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. அன்றைக்கே ஊருக்குப் போகலாம் என்று என் தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். மருத்துவர் அம்மா, "இன்னும் ரெண்டு சுற்று இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நோய் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்லாத நோய்க்கு எதுக்கு இந்த விஷம்?" என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எங்க கருவிக்குத் தெரியலைன்னுதான் சொன்னேன். உடம்புல இல்லைன்னு சொல்லலை."

நான் கேட்கவில்லை. அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். கையில் பணமில்லை, பள்ளியிலிருந்து மெமோ வந்திருந்தது, நான்கு மாதமாகச் சரியான தூக்கமில்லை. இதெல்லாம் உண்மை. அவள் உடம்பைவிட என் அலுப்புதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது என்பதும் உண்மை. சரசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவே வாய் எரியும் அவளுக்கு. "என்னங்க, நீங்க வேணா போயிட்டு வாங்க. நான் இருந்து முடிச்சுட்டு வர்றேன்" என்றாள். காதுத் தோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். பெட்டியை அவிழ்த்தேன். தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. ஏழு சுற்றும் முடித்துத்தான் ரயில் ஏறினோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்போதுதான் மின் சியு லி என்பவரைத் தெரிந்துகொண்டேன். சீனாவில் பிறந்து 1947இல் அமெரிக்கா போன மருத்துவர். பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸ் என்பவரோடு வேலை செய்தார். 1956இல் இதே நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். கட்டிகள் மறைந்தன. அதுவரை இந்நோய் பரவிய பெண்கள் பிழைப்பது அரிது.

ஆனால் லி அங்கே நிறுத்தவில்லை. கட்டி மறைந்த பிறகும் எச்.சி.ஜி. கொஞ்சம் மிச்சமிருப்பதைக் கண்டார். அது இருக்கும்வரை எங்கோ நோய் இருக்கிறது என்று மருந்தைத் தொடர்ந்தார். நோய் தெரியாத பெண்களுக்கு வீணாக விஷம் கொடுக்கிறார் என்று மேலிடத்தில் குற்றம் சாட்டினார்கள். 1957இல் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். காலம் போகப் போக உண்மை தெரிந்தது. கட்டி மறைந்ததும் மருந்தை நிறுத்திய பெண்களுக்கு நோய் திரும்பியது. லி தொடர்ந்து மருந்து கொடுத்தவர்களுக்குத் திரும்பவில்லை. மருந்தினால் மட்டுமே முழுதாகக் குணமான முதல் பரவிய புற்றுநோய் இது என்பார்கள். 1972இல் லி, ஹெர்ட்ஸ் உள்ளிட்டோருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

அதைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. மேலதிகாரிகள் லியிடம் கேட்ட அதே கேள்வியை, இருபத்தெட்டு வருடம் கழித்து அடையாற்றில் நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்டதால் ஒருவருக்கு வேலை போயிற்று. நான் கேட்டதற்கு எனக்கு என்ன போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மறுநாள் சரசுவிடம் சொன்னேன். "அன்னிக்கே தெரியும், உங்களுக்குத் தூக்கம்தான் பிரச்சினை" என்றாள்.

சுப்பாராவின் மனைவியையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு தனியே நின்றவர், அதையும் பறிகொடுத்தவர். அவர் புருஷன் கண்டுபிடித்த மருந்து எத்தனையோ குழந்தைகளுக்கு அம்மாவை மீட்டுக் கொடுத்தது. என் மகளும் அதில் ஒருத்தி. 1995இல் இந்திய அரசு சுப்பாராவுக்குத் தபால்தலை வெளியிட்டது. சேஷகிரி அம்மாளுக்கு நான் செய்யக்கூடியது, இங்கே அவர் பெயரை எழுதுவது மட்டும்தான்.

போனில் அழுத மாணவனுக்கு நான் சொன்னதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். மருத்துவர் சொன்ன கணக்கை முழுதாக முடி. சந்தேகம் இருந்தால் அவரிடமே கேள், ஆனால் உன் அலுப்பை வைத்து முடிவெடுக்காதே. குழந்தைக்குப் பால் புகட்டவும் துணி அலசவும் கற்றுக்கொள், அதில் ஆணுக்கு ஒரு குறைவும் இல்லை. இரவில் ஒருவரையாவது உதவிக்குக் கூப்பிட்டு நாலு மணி நேரம் தூங்கு. தூங்காதவன் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு நானே சாட்சி.

இதை எழுதச் சரசுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மகள் பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வருகிறாள். தோட்டை மீட்க மூன்று வருடமானது. அதே தோடுதான் இப்போதும் காதில்.

அனைவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.

உங்கள் ஆசிரியர்.