குடிலும் குடிசையும்: அண்ணாமலை அடிவாரத்து எளிய வாழ்வின் கணக்கு

அடி அண்ணாமலைப் பக்கம் தங்க இடம் தேடிப் பாருங்கள். மண்வீடு, கீற்றுக் குடில், 'நேச்சர் ஸ்டே' என்று வரிசையாக வரும். மலையைப் பார்த்த திண்ணை, மண் தரை, விறகடுப்புச் சமையல், ரிஷிகள் வாழ்ந்த மாதிரி ஒரு வாழ்க்கை. இதுதான் விளம்பரத்தின் சாரம். சரி, அந்த ரிஷிகள் இங்கே நிஜமாக எப்படித்தான் வாழ்ந்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோறு யார் போட்டது? கூரையை யார் வேய்ந்தது? இந்த மூன்று கேள்வியோடு இங்கே வாழ்ந்தவர்களின் வரலாற்றைப் படித்தால் படம் கொஞ்சம் மாறுகிறது.

முதலில் கிரிவலம். 14 கிலோமீட்டரை இன்று ஒரே இரவில் நடந்து முடிக்கிறோம். ரமண மகரிஷியும் அன்பர்களும் சுற்றிய காலத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகுமாம். வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மறுபடி நடை. அடி அண்ணாமலைக் கோயிலும் அவர்கள் தங்கிய இடங்களில் ஒன்று. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் இங்கேதான் பாடினார் என்பது ஊர் மரபு. அவருக்குத் தனிக் கோயிலும் இருக்கிறது. இன்றைய பாஷையில் இதைக் 'கேம்பிங்' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சாத்தியமாக்கியது காடு மட்டுமல்ல. யாரோ கட்டி வைத்த மண்டபங்களும், யாரோ வெட்டி வைத்த குளங்களும்தான்.

அடுத்தது குகை. ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. கோயில், குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி, 1899 வாக்கில் மலையேறி விரூபாட்ச குகைக்கு வந்தார். 1916 வரை பெரும்பாலும் அங்கேதான். கோடை வந்தால் குகை தாங்காது. அப்போது முலைப்பால் தீர்த்தத்தின் அருகே இருக்கும் மாமரக் குகைக்கு ஜாகை மாறும். எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானித்தது தண்ணீர்.

சாப்பாடு? அது ஊருக்குள்ளிருந்து வந்தது. அன்பர்கள் தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்து வருவார்கள். அவர்கள் பாடிக்கொண்டு போவதற்காகவே பிறந்ததுதான் அட்சரமணமாலை. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள், வீட்டில் சமைத்து நாள்தோறும் மலைமேல் சுமந்துகொண்டு போனார். முதலியார் பாட்டி, கீரைப் பாட்டி என்று இன்னும் சிலர். எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், குகை வாழ்க்கையின் 'பேக்-எண்ட்' முழுக்க ஊருக்குள்ளே, பெரும்பாலும் பெண்களின் அடுப்படியில் இருந்தது. 1916-ல் தாயார் அழகம்மாள் மகனோடு தங்க வந்த பிறகுதான் மலைமேலேயே ஒழுங்காக அடுப்பு எரிய ஆரம்பித்தது. அதே ஆண்டு மேலே ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். அங்கே சுனை இருந்தது. அன்பர் கந்தசாமி பாடுபட்டு உருவாக்கிய இடம் என்பதால் அந்தப் பெயர்.

காசு வாங்கிக்கொண்டு குகையைக் காட்டும் யோசனையும் புதிதல்ல! கார்த்திகை தீபக் கூட்டத்திடம் விரூபாட்ச மடத்தார் நுழைவுக் கட்டணம் வசூலித்தார்கள். ரமணருக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வசூல் மரத்தடி வரைக்கும் நீண்டது; அவர் வேறு குகைக்கே போய்விட்டார். அவர் இல்லாத குகையைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? கடைசியில் கட்டணம் கிடையாது என்று சொல்லி மடத்தார் அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

1922 மே 19 அன்று தாயார் மறைந்தார். அடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் ரமணாசிரமம். தொடக்கத்தில் அது கீற்றுக் கொட்டகைதான். 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்து ரமணரையே அடித்தார்கள். பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு அத்தியாயத்துக்கே 'காட்டு ஆசிரமத்தில்' என்றுதான் தலைப்பு. ஆசிரமத்துக்கு மேற்கே பலாக்கொத்தில் சாதுக்கள் சிறு குடில்களில் வாழ்ந்தார்கள். முருகனார், குஞ்சு சுவாமி, 1938-க்குப் பிறகு அண்ணாமலை சுவாமி என்று பெரிய பட்டியல். இன்று அடி அண்ணாமலை வரை நீண்டுவிட்ட வாடகைக் குடில்களுக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

இப்போது கூரைக்கு வருவோம். கீற்று இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது. மாற்றிக்கொண்டே இருக்கணும். மெக்சிகோவின் யுகடான் பக்கம் மாயா மக்களின் வீடும் ஏறக்குறைய இதே கதைதான்: கம்பு நட்டு, மண் பூசி, பனை வகை ஓலை வேய்ந்த வீடு. அங்கேயும் அந்த வடிவத்தைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இங்கே தமிழில் ஒரு நுட்பமான வித்தியாசம் உண்டு. ஏழை இருந்தால் அது குடிசை. சாதுவோ விருந்தினரோ இருந்தால் அதே கீற்று, அதே மண், குடில் ஆகிவிடும். 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். நோக்கம் குடிசையில்லாத் தமிழ்நாடு. குடிசையில் இருப்பவர் கான்கிரீட் கேட்கிறார், கான்கிரீட்டில் இருப்பவர் குடில் கேட்கிறார். இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் ஒருவர் விடுமுறை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம், இன்னொருவருக்கு அதுதான் வீடு.

இதன் விலை என்ன என்று 2024 டிசம்பர் 1 காட்டியது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். அவர்கள் யாரும் இயற்கையை அனுபவிக்க மலையோரம் குடியிருந்தவர்கள் இல்லை.

மலையும் சும்மா பச்சையாகவில்லை. 1980-களில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்த மலை இது. அன்று முதல் மரம் நட்டவர்களும், கோடைதோறும் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களும் உழைத்ததால்தான் ஜன்னல் வழியே இன்று காடு தெரிகிறது. காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி போதும், பல வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போய்விடும்.

அதனால் அங்கே தங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகத் தங்குங்கள். ஆனால் முன்பதிவு செய்யும் முன் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். தண்ணீர் கிணற்றிலிருந்தா, ஊரோடு போட்டியிடும் ஆழ்குழாயிலிருந்தா? சமைப்பவருக்கும் கூரை வேய்பவருக்கும் என்ன கூலி? இடம் காட்டையும் ஓடையையும் விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது? நான்காவதாக ஒன்று: ராத்திரி மலையோரம் நெருப்பு மூட்டுவோம் என்று சொன்னால், அந்த இடமே வேண்டாம்.