கல்லுக்குள் தேரை, கண்ணாடிக்குள் தேரை: உயிர்க்கூடத்தின் வரலாறு

கல்லுக்குள் தேரை உயிரோடு இருக்கும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. பாறையைப் பிளந்தபோது உள்ளிருந்து தேரை துள்ளி வந்ததாகச் சொல்லும் கதைகள் கல்லுடைக்கும் ஊர்கள்தோறும் உண்டு. அந்தத் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்பது நம் மரபு அதற்குத் தந்த பொருள். ஐரோப்பாவிலும் இதே கதை இருந்தது. ஆனால் அங்கே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது புவியியலின் கேள்வியாக உருமாறியது. பாறை தொன்மையானது என்றால், அதனுள் இருக்கும் தேரையும் அத்தனை தொன்மையானதா?

ஆக்ஸ்ஃபோர்டு புவியியலாளர் வில்லியம் பக்லண்ட் 1825 நவம்பரில் இதைச் சோதிக்க முனைந்தார். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும், இறுக்கமான மணற்கல்லில் 12 குழிகளும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தேரையை இட்டார். மேலே கண்ணாடி வில்லையை வைத்து, காற்றுப் புகாதவாறு விளிம்பைப் பூசி, கற்களைத் தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் மடிந்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் சிறியவை மடிந்து, பெரியவற்றுள் சில எஞ்சியிருந்தன. மீண்டும் புதைக்கப்பட்ட அவையும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இறந்துபோயின. காற்றும் உணவும் அறவே இன்றித் தேரை நெடுங்காலம் வாழாது என்று பக்லண்ட் முடிவு செய்தார்.

கண்ணாடி மூடியின் கீழ்த் தேரையை வைத்து நோக்கிய சோதனைகளுள் இது குறிப்பிடத்தக்கது. எனினும் அதன் கேள்வி, எதுவும் கிடைக்காவிட்டால் ஓர் உயிர் எவ்வளவு காலம் தாங்கும் என்பதே. எதையெல்லாம் கொடுத்தால் அது வாழும் என்ற நேரெதிர்க் கேள்விக்கு நான்கே ஆண்டுகளில் லண்டனில் தற்செயலாக வழி பிறந்தது.

நத்தானியல் பேக்ஷா வார்டு ஒரு மருத்துவர். 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். சில நாள்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. லண்டனின் கரிப்புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் தொடர்ந்து கருகிக்கொண்டிருந்த காலம் அது. குடுவைக்குள் பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. தண்ணீர் ஊற்றாமலேயே செடிகள் பல்லாண்டுகள் வாழ்ந்தன. இந்தக் கண்டுபிடிப்பின் முதற்பயனை அறுவடை செய்தது பேரரசு. வார்டு பெட்டிகள் எனப்பட்ட கண்ணாடிப் பேழைகளில்தான் சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுகளுக்கும், 1876-இல் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்கும் வந்தன. தமிழ்த் தொழிலாளர்களைப் பின்னர் கூட்டமாக இழுத்துக்கொண்ட தோட்டப் பொருளாதாரத்தின் வேர்களுள் ஒன்று அந்தப் பேழைக்குள் இருந்தது.

1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. 1850-இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் பொன்மீன்களையும் நீர்த்தாவரமான வாலிஸ்நேரியாவையும் ஒரே கலத்தில் வைத்து, தாவரம் வெளிவிடும் ஆக்சிஜன் மீன்களுக்குப் போதும் என்று காட்டினார். அழுகும் இலைகள் நீரைக் கெடுத்தபோது அவற்றைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை திறந்த மீன்கூடத்துக்கு முதலில் வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘நீர்சார் விவேரியம்’. உயிருள்ளது என்று பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது இச்சொல். உரோமானியர்கள் மீன்குளத்தையும் விலங்குகளை அடைத்துவைத்த தோப்பையும் இவ்வாறு அழைத்தனர். நீருக்கு ‘அக்வேரியம்’, நிலத்துக்கு ‘டெராரியம்’ என்ற கிளைச்சொற்கள் நிலைபெற்ற பின், இரண்டிலும் அடங்காமல் நின்றவை இருவாழ்விகள். நீரில் முட்டையிட்டு நிலத்தில் உலவும் உயிருக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டும்.

இந்தச் சிக்கலைப் பொறுமையாகத் தீர்த்தவர்களுள் ஜெர்மன் மொழிப் பொழுதுபோக்காளர்கள் முதன்மையானவர்கள். 1884-இல் வெளிவந்த யோகான் ஃபான் ஃபிஷரின் நூல், நிலக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது அதில் செடி நடுவதையும் விலங்கைக் குடியேற்றுவதையும் தலைப்பிலேயே இணைத்தது. பாதி நீரும் பாதி நிலமுமான தொட்டியின் அமைப்பு, அதன் அடிப்படையில், அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அடியில் சரளைக்கல், நீர் தேங்கி மண் புளித்துப்போகாமல் இருப்பதற்காக. அதன்மேல் மண், அது ஒருபுறம் உயர்ந்து, மறுபுறம் ஆழமற்ற நீருக்குள் சரிந்து இறங்க வேண்டும். செங்குத்தான கரை இருந்தால் நீந்துவதில் வல்லமையற்ற தேரை ஏற முடியாமல் மூழ்கிவிடும். சரிவில் பாசி, நிழலில் பெரணி, நீரில் வேர்விடும் கொடி. தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நீரில் கலந்த எதுவும் அதன் உடலில் கலக்கும். கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரஜனைச் செடிகளே உண்டு குறைக்கின்றன. தேரையோ மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும் உயிர். நட்ட செடியை இரவோடு இரவாகப் பெயர்த்துவிடும். அதனால் செடிகளைத் தொட்டிகளோடு மண்ணில் புதைத்து, வேரைச் சுற்றிக் கற்களை அடுக்கும் வழக்கம் உருவானது. இவை எதுவும் பல்கலைக்கழகப் பாடமாக இருக்கவில்லை. கைப்பழக்கமாகவும், சங்க இதழ்க் குறிப்புகளாகவும் பரவிய அறிவு இது.

அந்த அறிவு அறிவியலின் மையத்துக்கு வந்த இடம் வியன்னா. 1873 உலகக் கண்காட்சியையொட்டி பிராட்டர் பூங்காவில் எழுந்த நீர்வாழ்உயிர்க் காட்சிக்கூடத்தை ஹான்ஸ் பிஷிப்ராம், லியோபோல்ட் ஃபான் போர்ட்டெய்ம், வில்ஹெல்ம் ஃபிக்டோர் ஆகிய மூவரும் தம் சொந்தச் செல்வத்தில் வாங்கி, 1903-இல் உயிரியல் சோதனை நிறுவனமாகத் திறந்தனர். நகரத்தார் அதை ‘விவேரியம்’ என்றே அழைத்தனர். இறந்த உடலை அறுத்துப் பார்ப்பதே விலங்கியல் என்றிருந்த காலத்தில், உயிருள்ள விலங்கைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துச் சோதிப்பதே அதன் நோக்கம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தும் அறைகள் அங்கே அமைந்தன. தொட்டிகளை அமைக்கப் பிஷிப்ராம் தேர்ந்தெடுத்தவர் பவுல் காம்மெரர். இசை பயின்றவர்; இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் உயிரோடு காப்பதில் அசாதாரணத் திறன் படைத்தவர்.

காம்மெரர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று மருத்துவச்சித் தேரை. ஏனைய பல தேரைகளுக்கு மாறாக இது நிலத்தில் புணரும். பெண் இடும் முட்டைச் சரத்தை ஆண் தன் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு, பொரிக்கும் பருவம் வரை வாரக்கணக்கில் சுமக்கும். காம்மெரர் தொட்டியின் வெப்பத்தை 25 முதல் 30 பாகை வரை உயர்த்தினார். வெப்பம் தாளாத தேரைகள் நீருக்குள் இறங்கி அங்கேயே புணர்ந்தன. நீரில் இட்ட முட்டைகளுள் மிகச் சிலவே பிழைத்தன. அவற்றிலிருந்து வந்த தலைமுறைகள் வெப்பம் இன்றியும் நீரை நாடின என்றும், ஆண்களின் கையில் நீரில் புணரும் இனங்களுக்கே உரிய கருநிறத் திண்டு தோன்றியது என்றும் அவர் அறிவித்தார். வாழ்நாளில் ஈட்டிய பண்பு மரபாகக் கடத்தப்படும் என்பதற்கு இதைச் சான்றாகப் பலர் கொண்டனர். மரபியலுக்கு அதன் ஆங்கிலப் பெயரைத் தந்த வில்லியம் பேட்சன் இதை ஏற்கவில்லை. மாதிரியைக் காட்டுமாறு தொடர்ந்து கேட்டார்.

முதல் உலகப் போர் குறுக்கிட்டது. பராமரிப்பார் இன்றித் தேரைகள் அழிந்தன. 1923-இல் காம்மெரர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றது திண்டு கொண்ட ஒரேயொரு பதப்படுத்திய உடலைத்தான். 1926 ஆகஸ்டில் அமெரிக்க விலங்கியலாளர் கி. கி. நோபிள் ‘நேச்சர்’ இதழில் தம் ஆய்வை வெளியிட்டார். திண்டுக்கு உரிய முட்கள் அதில் இல்லை. கருநிறம் தோலுக்குள் செலுத்தப்பட்ட மை. தாம் அதைச் செய்யவில்லை என்று காம்மெரர் மாஸ்கோவுக்கு எழுதிய கடிதத்தில் கூறிவிட்டு, செப்டம்பர் 23-இல் ஆஸ்திரிய மலைப்பாதை ஒன்றில் தம்மைச் சுட்டுக்கொண்டார். மை செலுத்தியவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. 1971-இல் ஆர்தர் கோஸ்லர் அவருக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். 2009-இல் சிலி நாட்டு உயிரியலாளர் அலெக்சாண்டர் வர்காஸ், மேல்மரபியல் நோக்கில் அந்த முடிவுகள் நடந்திருக்கக் கூடியவையே என்றார். அறிவியல் வரலாற்றாசிரியர் சிலர் அதை மறுத்தனர்.

இந்த வழக்கு பெரும்பாலும் ஒரு மனிதரின் நேர்மை பற்றிய கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதில் கவனம் பெறாத ஒரு கூறு உண்டு. அந்தச் சோதனையை முழுமையாகத் திரும்பச் செய்து காட்டியவர் எவரும் இல்லை. சோதனையின் விளைவுகள் கட்டுரைகளாகப் பதிவாயின. ஆனால் அந்தத் தேரைகளைத் தலைமுறைகள் கடந்து உயிரோடு வைத்திருந்த கைத்திறன் ஒரு மனிதரோடு நின்றுபோயிற்று. ஒரு சோதனை உண்மையா என்று அறிய அதைத் திரும்பச் செய்ய வேண்டும். திரும்பச் செய்ய முதலில் தேரை பிழைத்திருக்க வேண்டும். விவாதம் ஒரு குப்பியிலிருந்த இறந்த உடலின் தோலுக்குச் சுருங்கியதற்குக் காரணம், காட்டுவதற்கு உயிருள்ள தேரை ஒன்றும் எஞ்சாததே. நிறுவனமும் எஞ்சவில்லை. 1938-இல் நாஜிகள் யூத ஆய்வாளர்களை வெளியேற்றினர். பிஷிப்ராம் 1944-இல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். 1945 போரில் கட்டடம் எரிந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கைத்திறனை நம்பி ஓர் இனமே நின்றது. தான்சானியாவின் கிஹான்சி பள்ளத்தாக்கில், அருவியின் தூவானம் நனைக்கும் சில ஏக்கர் சதுப்பில் மட்டுமே வாழ்ந்தது கிஹான்சி தூவானத் தேரை. மூன்று சென்டிமீட்டரும் எட்டாத பொன்னிற உயிர். முட்டையிடாமல் குட்டி ஈனுவது. 1999-இல்தான் அது அறிவியல் பெயர் பெற்றது. 2000-இல் நீர்மின் திட்டத்துக்காக ஆற்றின் பெரும்பகுதி திருப்பப்பட, தூவானம் நின்றது. அவ்வாண்டு இறுதியில் ஏறத்தாழ 500 தேரைகள் அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பள்ளத்தாக்கில் செயற்கைத் தெளிப்பான்கள் அமைத்தும் பயனில்லை. கைட்ரிட் பூஞ்சை நோயும் அங்கே கண்டறியப்பட்டது. 2009-இல் அந்த இனம் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

தொட்டிகளிலும் தொடக்கத்தில் பேரிழப்பே. கொண்டுவந்தவற்றுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மடிந்தன. பிராங்ஸ், டொலிடோ காட்சிச்சாலைகளின் பராமரிப்பாளர்கள் தூவானத்தின் அளவு, புறஊதா ஒளி, இரையின் சத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, என்ன செய்தபோது எவை பிழைத்தன என்று எழுதிவைத்தனர். அந்தக் குறிப்புகளின் வழியே எண்ணிக்கை ஆயிரங்களாக உயர்ந்தது. 2010-இல் ஒரு கூட்டம் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியது. 2012-இல் பள்ளத்தாக்கில் மீண்டும் விடும் முயற்சி தொடங்கியது.

பக்லண்டின் கற்குழிக்கும் கிஹான்சித் தேரையின் தொட்டிக்கும் இடையே இருப்பது, தேரைக்கு என்ன வேண்டும் என்பதைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்ட வரலாறு. அதைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் தோட்டக்காரர்கள், பொழுதுபோக்காளர்கள், காட்சிச்சாலைப் பணியாளர்கள். அறிவியல் வரலாறு கட்டுரை எழுதியவர்களின் பெயர்களைப் பாதுகாத்த அளவுக்கு இவர்களுடைய குறிப்பேடுகளைப் பாதுகாக்கவில்லை. அந்தக் கவனக்குறைவால் வியன்னாவில் ஒரு கேள்வி விடையின்றிப் போயிற்று. கிஹான்சியில் அந்தக் குறிப்பேடுகளே ஓர் இனத்தைக் காத்தன.