வம்சத்தில் உண்டா?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவின் கையைத்தான் பார்த்தார்கள். காப்பித் தட்டை நீட்டியபோது அவள் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மாப்பிள்ளையின் அத்தை அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் மதினி, இந்தச் சரவாங்கி உங்க வகையில வேற யாருக்கும் உண்டா?" அம்மா வாயே திறக்கவில்லை. சம்பந்தம் அதோடு நின்றது. அப்பா வகையில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு அறிவியலிலும் ஒரு வரலாறு உண்டு. உடல் தன்னையே தாக்கிக்கொள்வதைத் தவிர்க்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் சொன்னது அரை நூற்றாண்டு செல்வாக்கோடு இருந்தது. 1956இல் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களின் தைராய்டைக் கொண்டு அதை அசைத்தார்கள். 1958இல் வெள்ளணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் அடையாளத்தை ழான் தோசே கண்டார். எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் தெரியவந்தது அப்படித்தான். எது தன்னுடையது, எது அயலது என்று நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுபவை இந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள். முடக்குவாதம் உள்ளவர்களிடம் அவற்றில் டிஆர்4 என்ற வகை கூடுதலாக இருப்பதை 1978இல் பீட்டர் ஸ்டாஸ்ட்னி எழுதினார். நமக்குப் பக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், 1980களில் பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டு மக்களின் எச்எல்ஏ வகைகளை ஆராய்ந்தார்கள்.

அப்படியென்றால் அத்தை கேட்டது சரிதானா? கொஞ்சம் சரி. எச்எல்ஏயில் ஒரு பங்கு தாய் கொடுப்பது, மறுபங்கு தகப்பன் கொடுப்பது என்பதை அவர் விட்டுவிட்டார். 1993இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று இன்னொன்றையும் காட்டியது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால், இருவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீத ஜோடிகளில்தான். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான்.

அக்கா பத்தாவது முடித்ததும் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனாள். சுமங்கலித் திட்டம். 3 வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. பேசிய தொகை முழுதாக வரவில்லை. அதனால் இன்னும் 3 வருடம் இருந்தாள். தீபாவளிக்கு வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். "எனக்கு முன்னாடி நீ நரைச்சிட்டியேடி" என்று பாட்டி சிரிப்பாள்.

2016இல் மலேசியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முடக்குவாதம் கண்ட 910 பெண்கள், அதே வயதில் நோயில்லாத 910 பெண்கள். வேலையிடத்தில் ஜவுளித் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. தூசியும் பட்டு, டிஆர்4 போன்ற எச்எல்ஏ வகையும் இருந்தால் அது இன்னும் பல மடங்கு ஏறியது. மரபணு தனியாகச் செய்யாததைத் தூசியோடு சேர்ந்து செய்கிறது.

அக்காவுக்குப் பஞ்சால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருத்தியின் உடம்புக்கு மட்டும் அப்படிக் கணக்குப் போட எந்த ஆய்வாலும் ஆகாது. ஆனால் பெண்ணின் வம்சத்தைத் துருவுகிற ஊர், அவள் மூச்சில் என்ன போனது என்று கேட்காமலிருப்பது யாருக்கு வசதி?

போன மாதம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேஸ் ஷீட்டில் 'குடும்ப வரலாறு' என்ற இடம் நிரம்பி வழிந்தது: அம்மாவின் முழங்கால், சித்தியின் இடுப்பு, பாட்டியின் கைவிரல். 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி'. மில்லில் கழிந்த 6 வருடம் எங்குமே இல்லை.

"நீ சொல்லலையாக்கா?"

"அவங்க கேக்கலையே" என்றாள்.