வயல் தெய்வத்துக்கு வெந்நீர்: நோட்டோவின் அறுவடைச் சடங்கும் ‘அரிசி நாடு’ என்ற கருத்தும்

டிசம்பர் 5 அன்று ஜப்பானின் இஷிகாவா மாகாணத்து வடமுனையான ஓக்குநோட்டோவில் வயல்கள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும். குடும்பத் தலைவர் சடங்குடை உடுத்தி, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியை வீட்டுக்கு அழைத்து வருவார். வருவது வயல் தெய்வம். பெரும்பாலும் கணவன் மனைவியாக. வயலிலேயே கிடந்து உழைத்ததில் நெற்கதிர் குத்திக் கண்பார்வை போய்விட்டது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் படி எங்கே, வாசல் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லியபடியே கூட்டிச் செல்கிறார். கணப்பருகே குளிர்காய வைக்கிறார். தொட்டி வெந்நீரில் கைவிட்டுச் சூடு பதம் பார்த்த பிறகே குளிக்க அழைக்கிறார். அடுத்தது விருந்து: பயறு சேர்த்த சிவப்புச் சோறு, தலையும் வாலுமாக முழு மீன், இரண்டு காலாகக் கிளைத்த முள்ளங்கி. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படைக்கிறார். விதைநெல் மூட்டைகளே தெய்வத்தின் இருக்கை. பிப்ரவரி 9 அன்று மறுபடி விருந்து வைத்து வயலுக்கு வழியனுப்புகிறார்கள். முறைகள் வீட்டுக்கு வீடு மாறும். ஆஎனோகோத்தோ எனப்படும் இச்சடங்கு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய சடங்குகளை அடுக்கிக் காட்டி, ஜப்பானியர் ஆதியிலிருந்தே அரிசி உண்டு வாழ்ந்த ஒரே தன்மையான சமூகம் என்று முடிவுகட்டுவது வழக்கம். நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடி யனகிதா குனியோவின் எழுத்துகளும் அப்பார்வைக்கு வலுச்சேர்த்தன. அந்த முடிவு நிற்காது. விளைவித்தவர் கையில் அரிசி எளிதில் தங்கவில்லை. அதன் புனிதத்துக்கு அதுவே பெருங்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எடோ காலத்தில் (1603–1868) நிலத்தின் மதிப்பு, பிரபுவின் தகுதி, வரி எல்லாமே ‘கொக்கு’ என்ற அளவில் கணக்கிடப்பட்டன. ஒரு கொக்கு ஏறத்தாழ 150 கிலோ அரிசி. ஓர் ஆளின் ஓராண்டு உணவாகக் கருதப்பட்டது. நோட்டோவை ஆண்ட காகா அரசு பத்து லட்சம் கொக்குக்குப் பேர்போனது. வரி மூட்டைகள் போன பிறகு, பல ஊர்களில் உழவர் வீட்டு அன்றாடச் சோற்றில் வாற்கோதுமையும் சிறுதானியமும்தான் மிகுதி. கலப்பில்லாத அரிசிச் சோறு பண்டிகைக்கு உரியது.

நாட்டார் வழக்காற்றியலாளர் சுபோய் ஹிரோஃபுமி 1979இல் வெளியிட்ட நூல் இன்னும் கூர்மையான சான்றைத் தருகிறது. புத்தாண்டுக்கு மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தை விலக்கிச் சேப்பங்கிழங்கு உண்ணும் ஊர்களை அவர் கவனப்படுத்தினார். வரலாற்றாசிரியர் அமினோ யொஷிஹிகோ ஆராய்ந்த தோகிகுனி குடும்பமோ அதே ஓக்குநோட்டோவைச் சேர்ந்தது. பெரும் பண்ணைக்காரர்களாகவே அறியப்பட்ட அவர்களின் ஆவணங்களில் கப்பல் வாணிகமும் உப்புத் தொழிலும் வெளிப்பட்டன. நிலமற்ற ஏழைகள் என்று வரிப் பதிவேடு குறித்தவர்களுள் செல்வமிக்க கப்பல்காரர்களும் இருந்தனர். நெல்லை மட்டுமே அளந்த அரசின் கண்ணுக்கு மற்றத் தொழில்கள் படவில்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நவம்பர் 23 அன்று பேரரசர் புத்தரிசி படைக்கும் நீநாமே சடங்கு தொன்மையானது. அந்த நாள் 1948 முதல் உழைப்புக்கு நன்றி கூறும் பொது விடுமுறை. 2019 நவம்பரில் புதிய பேரரசரின் அரியணையேற்றச் சடங்கான தைஜோசாய்க்குத் தொச்சிகி, கியோத்தோ மாகாணங்களிலிருந்து அரிசி வந்தது. மானிடவியலாளர் ஓனுக்கி-டியெர்னி எமிகோ 1993இல் எழுதிய நூலில், எவ்வளவு உண்டார்கள் என்பதைவிட அரிசி ‘நாம்’ என்பதன் உருவகமானதே முக்கியம் என்கிறார். ஏற்கத்தக்க கருத்துதான். ஆனால் யாருடைய ‘நாம்’ என்று கேட்க வேண்டும். அரண்மனையில் படைப்பது நெல்லை வாங்கிய அரசு. நோட்டோவில் கைவிட்டு வெந்நீர் பதம் பார்ப்பவர் நெல்லைக் கொடுத்தவர். அவருடைய தெய்வமும் அவரைப் போலவே வயலில் உடல் நொந்தது. மாதக்கணக்கில் ஓய்வு தேவைப்படுவது. உழைப்பின் வலியை இவ்வளவு நேராகச் சொல்லும் அறுவடைச் சடங்குகள் அரிது.

‘ஆதியிலிருந்தே அரிசி உண்டவர்கள்’ எனப்படும் நாட்டில், ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ என்று அரிசி நுகர்வு உச்சம் தொட்டது 1962இல்தான். பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. 1970களில் வேரூன்றிய நெற்பரப்புக் குறைப்புக் கொள்கை 2018 வரை நீடித்தது. 2025இல் அரிசி விலை இரட்டித்தபோது அரசு கையிருப்பைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

மீண்டும் நோட்டோவுக்கு வருவோம். 2024 ஜனவரி 1 அன்று அங்கே நேர்ந்த நிலநடுக்கத்தில், அமினோ ஆராய்ந்த குடும்பத்தின் மேல் தோகிகுனி இல்லம் இடிந்து விழுந்தது. அதே வட்டாரத்தில் உள்ள வாஜிமாவின் ஷிரோயோனே அடுக்கு வயல்களில் 1,004 பாத்திகள். வெடித்த வரப்புகளைச் சீர்செய்து அவ்வாண்டு நடவு நடந்தவை ஏறத்தாழ 120. செப்டம்பரில் பெருமழை அதே பகுதியை மறுபடி தாக்கியது. பாரம்பரியப் பட்டியல்கள் சடங்கைக் காக்கின்றன. வரப்பைத் திருத்தக் கைகொடுத்தவர்கள் பெரும்பாலும் ஊராரும் தன்னார்வலருமே.